தோட்டத்துத் தவளை, தேரை, ஆமைக் கணக்கெடுப்பு: இரவு நடையா, ஒலிப்பதிவா, பொறியா, ஆய்வகமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி அறிவியல் கழகமோ இளைஞர் மன்றமோ "நம்ம தோட்டத்துல என்னென்ன தவளை, ஆமை இருக்குன்னு பட்டியல் போடலாமே" என்று கிளம்பினால், முதல் கூட்டத்திலேயே பேச்சு பல பக்கம் இழுக்கும். ஒருவர் ஒலிப்பதிவுக் கருவி வாங்கலாம் என்பார். ஒருவர் பல்கலைக்கழக மாணவர்கள் வாளி புதைத்துப் பிடித்ததைப் பார்த்திருப்பார். "டிஎன்ஏ பார்க்காமல் பெயர் எழுதுவதில் அர்த்தமில்லை" என்று இன்னொருவர் அடித்துச் சொல்வார். மூன்று பேச்சிலும் உண்மை உண்டு. எந்தக் கேள்விக்கு எந்த வழி என்பதுதான் பேசப்படாமல் போகிறது. அதனால் பணம் போன இடத்தில் பட்டியல் வருவதில்லை.

தீபகற்ப மலேசியாவில் மட்டும் 100க்கும் மேற்பட்ட தவளை, தேரை இனங்கள் உள்ளன. செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள் அவற்றில் சிறு பகுதிதான் தங்கும். தோட்ட எல்லை தாண்டி, பிளஸ் ஆற்றின் கிளையோடைகள் காட்டுக்குள் நுழையும் இடத்தில் பட்டியல் சட்டென்று நீளும். லயத்துக்கு (தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு) பின்னால் உள்ள லோங்காங்குக்கு, அதாவது வாய்க்காலுக்குப் பொருந்தும் முறை பாறை ஓடைக்குப் பொருந்தாது. முறையைத் தேர்ந்தெடுக்குமுன் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், கேள்வி. "என்னென்ன இருக்கின்றன?", "கூடுகிறதா குறைகிறதா?", "இந்தப் பெயர் சரியா?" ஆகிய மூன்றும் வெவ்வேறு கேள்விகள். ஒரே முறை மூன்றுக்கும் பதில் தராது.

இரண்டாவது, சான்று. ஐந்து வருடம் கழித்து வேறொருவர் உங்கள் பட்டியலைத் திறந்தால், அந்தப் பெயரைச் சரிபார்க்க அவர் கையில் ஏதாவது இருக்குமா? படம், ஒலி, உடல் மாதிரி இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். வெறும் பெயர் சான்றாகாது.

மூன்றாவது, விலங்குக்கு நேரும் தீங்கு. நான்காவது, அனுமதி. தீபகற்பத்திலும் லாபுவானிலும் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716, நடப்பில் உள்ளது. எதையும் பிடிப்பதற்கு முன் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். ஆமை என்றால் மாநிலச் சட்டங்களும் சேர்ந்துகொள்ளும், மீன்வளத் துறையிடமும் கேட்க வேண்டும். தோட்டத்துக்குள் மானேஜரின் அனுமதி, காப்புக் காட்டுக்குள் வனத்துறையின் நுழைவுச் சீட்டு. இவற்றைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட்டால் மழைக்காலம் கைவிட்டுப் போய்விடும்.

ஐந்தாவது, ஆள், நேரம், பணம். கருவியின் விலையை எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். வீட்டுக்கு வந்தபின் படங்களையும் பதிவுகளையும் பிரித்துப் பார்க்கும் நேரத்தை யாரும் போடுவதில்லை. திட்டங்கள் பாதியில் நிற்பதற்கு இந்த வேலைதான் முக்கியக் காரணம்.

## வழி 1: இரவு நடை

டார்ச்லைட், கேமரா, ரூலர், கம்பூட்ஸ், நோட்டுப் புத்தகம் போதும். 100 மீட்டர் நீளமுள்ள பாதைகளை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்: ஒன்று லயத்து வாய்க்கால் ஓரம், ஒன்று செம்பனை வரிசைக்குள், ஒன்று குளக்கரை, ஒன்று ஓடைக்கரை. 100 மீட்டரை 20 முதல் 30 நிமிடத்தில் நடக்க வேண்டும். விறுவிறுவென்று போனால் பெரிய தேரைகள் மட்டுமே கண்ணில் படும், கட்டைவிரல் நகமளவு குறுவாய்த் தவளைகள் அத்தனையும் தப்பிவிடும். நான்கு பேர் ஒரு மணி நேரம் தேடினால் அது நான்கு ஆள்-மணி. ஒவ்வொரு இரவும் அந்த எண்ணை எழுதினால்தான் ஓர் இரவை இன்னோர் இரவோடு ஒப்பிட முடியும்.

விளக்கைக் கையில் பிடிக்காமல் நெற்றியில் கட்டுங்கள். விலங்கின் கண்ணில் பட்டுத் திரும்பும் ஒளி உங்கள் கண்மட்டத்துக்கு வர வேண்டும். புல்லில் ஊசிமுனை அளவில் பளிச்சிடுவது பெரும்பாலும் சிலந்தி, அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

எப்போது போவது? பேராக்கின் உட்பகுதியில் மழை இரண்டு முறை உச்சத்துக்கு வரும், ஏப்ரல்–மே ஒன்று, அக்டோபர்–நவம்பர் ஒன்று. அந்த மாதங்களில் மாலை மழை ஓய்ந்த இரவு, 7:45க்குத் தொடங்கி 10 மணிக்குள் முடிப்பது நல்லது. ஜூன்–ஜூலை வறட்சியிலும் ஓரிரு முறை போக வேண்டும். வறண்ட இரவில் எதுவும் கிடைக்காவிட்டாலும் அதுவும் தகவல்தான்.

படம் எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மேலிருந்து எடுத்த ஒரு அழகான படத்தை வைத்துப் பெயர் சொல்ல முடியாத இனங்கள் ஏராளம். மேல்பக்கம், பக்கவாட்டில் செவிப்பறை தெரியும்படி, வயிறு, முன்கை விரல் நுனிகள், பின்கால் விரிந்த சவ்வு, தொடையின் பின்புறம் என்று ஆறு கோணம், கூடவே ரூலர். தெளிவான பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் காற்றும் இரண்டு கரண்டித் தண்ணீரும் விட்டு, ஒரு பைக்கு ஒரு தவளை என்று வைத்தால் வயிற்றையும் சவ்வையும் தொடாமலே எடுத்துவிடலாம். அரை மணி நேரத்துக்குள் எடுத்த இடத்திலேயே விட வேண்டும்.

அந்தப் பையைத் திருப்பினால் என்ன தெரியும் என்பதற்கு ஓர் உதாரணம். வாய்க்கால் ஓரம் பழுப்பாக, முதுகில் சிறு மடிப்புகளோடு ஒரு தவளை. வயிற்றின் இரு பக்கமும் அக்குளிலிருந்து தொடையிடுக்கு வரை ஒரு கோடு ஓடுகிறதா? ஓடினால் அது ஃபெஜெர்வர்யா பேரினம். அடுத்து, பின்காலின் மிக நீண்ட விரலைப் பாருங்கள். சவ்வு பாதியளவில் நின்றுவிட்டால் வயல் தவளை, லிம்னோகாரிஸ் கூட்டம். பாதியைத் தாண்டி நுனிப்பக்கம் போய், உடலும் 6 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் நண்டுண்ணித் தவளை, கான்கிரிவோரா. உப்பு கலந்த நீரையும் தாங்கும் அபூர்வமான தவளை அது. மேலிருந்து எடுத்த படத்தில் இந்த இரண்டு அடையாளங்களுமே விழாது.

தேரைகளில் குழப்பம் குறைவு. வீட்டு வாசல் விளக்கடியில் பூச்சிக்குக் காத்திருப்பது டுட்டாபிரைனஸ் மெலனோஸ்டிக்டஸ். தலையில் உள்ள மேடுகளின் விளிம்பு கறுத்திருக்கும், முதுகு மருக்களின் நுனியும் கறுப்பு. ஓடைக்கரையில் கல்லோடு கல்லாக உட்கார்ந்திருப்பது ஃபிரைனாய்டிஸ் ஆஸ்பர். பெண் தேரை 14 சென்டிமீட்டர் வரை வளரும், தலைமேட்டில் அந்தக் கறுப்பு விளிம்பு இருக்காது. 2 சென்டிமீட்டருக்குக் கீழுள்ள குட்டித் தேரையை மட்டும் இனம்வரை இறக்காமல் "தேரைக் குடும்பம்" என்று எழுதி நிறுத்துங்கள்.

மறைந்திருக்கும் செலவு. கையில் கொசுமருந்து தடவிக்கொண்டு தவளையைத் தொடக்கூடாது. அதன் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சும். மலையோடையில் பச்சை முதுகுள்ள ஓடோர்ரானா ஹோசியையும் வேறு தவளையையும் ஒரே பையில் போட்டால், ஹோசியின் தோல் நஞ்சில் மற்றது செத்துப்போகும். ஒரு பைக்கு ஒன்று என்ற விதிக்கு இதுவும் ஒரு காரணம். ஓர் ஓடையிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் பூட்ஸில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு குளோரோக்ஸ் வெளுப்பானுக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் ஒரு நிமிடத்துக்கு மேல் நனைத்து, ஓடையை விட்டுத் தள்ளி அலசிக் காயவிடுங்கள். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை ஒரு நீரிலிருந்து இன்னொரு நீருக்கு மனிதர் காலோடும் போகும்.

ஆட்களின் பாதுகாப்புக்கு வருவோம். செம்பனை மட்டை அடுக்குகளில் எலி இருக்கும், எலியைத் தேடி நாகம் வரும். மட்டையைக் கையால் புரட்டக்கூடாது. எலிச்சிறுநீர்க் காய்ச்சல் வாய்க்கால் தண்ணீர் வழியாகவே வரும் என்பதால் காலில் புண் உள்ளவர் தண்ணீரில் இறங்கக்கூடாது. மருந்தடிப்பு எந்த பிளாக்கில் எந்த நாள் என்று மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) முன்பே கேட்டு, அடித்த பிளாக்கை விட்டுவிடுங்கள். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது, ஆனால் மற்றக் களைக்கொல்லிகள் இருக்கின்றன.

"என்னென்ன இருக்கின்றன?" என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், புதிதாகத் தொடங்கும் எந்தக் குழுவுக்கும் நாங்கள் இதையே முதலில் சொல்வோம். இந்த வழி மரத்தவளையையும் தேரையையும் பெண் தவளையையும் காட்டும். ஒலிப்பதிவு பெண்ணைக் காட்டாது, வாளி மரத்தவளையைக் காட்டாது.

## வழி 2: ஒலிப்பதிவு

நுணலும் தன் வாயால் கெடும் என்று நம் பெரியவர்கள் சொன்னதை அப்படியே ஆய்வுமுறை ஆக்கியதுதான் இது. ஆண் தவளை பெண்ணை அழைக்கக் கத்துகிறது, ஒவ்வோர் இனத்துக்கும் தனிக் குரல். கண்ணுக்கே படாமல் புல்லடியில் இருக்கும் குறுவாய்த் தவளையான மைக்ரோஹைலா, மண்ணுக்குள் மாதக்கணக்கில் புதைந்திருந்து கனமழைக்கு மட்டும் வெளியே வந்து "ஓங்... ஓங்..." என்று முழங்கும் கலுவுலா புல்க்ரா, இரண்டையும் கண்ணை விடக் காது எளிதில் பிடிக்கும்.

இதை இரண்டு விதமாகச் செய்யலாம். மலிவான விதம், புள்ளிக் கேட்பு. 200 மீட்டர் இடைவெளியில் புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் அசையாமல் நின்று, பிறகு ஐந்து நிமிடம் கேட்டு எழுதுவது. இடைவெளி குறைந்தால் ஒரே கூட்டத்தை இரண்டு தடவை எண்ணிவிடுவீர்கள். வட அமெரிக்கக் கண்காணிப்புத் திட்டங்களில் பயன்படும் அளவையே போதும்: குரல்கள் ஒன்றோடொன்று மோதாமல் எண்ண முடிந்தால் 1, மோதினாலும் பிரித்து எண்ண முடிந்தால் 2, விடாத பேரிரைச்சல் என்றால் 3. வருடந்தோறும் அதே புள்ளி, அதே மாதம் என்று செய்தால் "கூடுகிறதா குறைகிறதா?" என்ற கேள்விக்கு நியாயமான பதில் கிடைக்கும்.

மற்றது, தானியங்கிப் பதிவுக் கருவியை மரத்தில் கட்டிவிட்டு வருவது. வாங்குமுன் ஒரு கணக்கு போடுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5.3 மெகாபைட். மாலை 7 முதல் காலை 7 வரை 3.8 கிகாபைட். முப்பது இரவு ஓடினால் 360 மணி நேரப் பதிவு. அதை யார் உட்கார்ந்து கேட்பது? பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் மட்டும் பதிவாகும்படி வைத்தால் 36 மணி நேரமாகக் குறையும். அதுவும் ஒருவருக்கு ஒரு வார வேலை.

கைப்பேசியில் பதிவு செய்பவர்களுக்கு ஒன்று. பேச்சுக்காகச் செய்யப்பட்ட செயலிகள் பின்னணி இரைச்சலைத் தாமாகவே அடக்கும். அவற்றுக்குத் தவளையே பின்னணி இரைச்சல்தான். அந்த அமைப்பை அணைத்து, வேவ் வடிவில் பதிவு செய்யுங்கள். வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பிய பதிவு சுருங்கிவிடும், நுட்பமான வேறுபாடுகள் போய்விடும். பதிவின் கடைசியில் இடம், தேதி, மணி, வெப்பநிலை நான்கையும் வாயால் சொல்லி முடித்தால் கோப்பின் பெயர் மாறினாலும் தகவல் கூடவே இருக்கும். கேட்டுப் பிரிக்க ஆடாசிட்டி, ரேவன் லைட் இரண்டும் இலவசம். ஒலியை வரைபடமாகக் காட்டும் ஒலிப்படத்தை விரித்துப் பார்த்தால் காது விட்டதைக் கண் பிடிக்கும்.

மறைந்திருக்கும் செலவு. குரல் தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் இல்லாவிட்டால் பதிவுகள் குவியுமே தவிரப் பெயர்கள் வராது. செம்பனை ஆலை பக்கத்தில் இருந்தால் அதன் விடாத தாழ்ந்த இரைச்சலில் கலுவுலாவின் குரல் அமுங்கும். அந்தி நேரத்தில் சில்வண்டு எல்லாவற்றையும் மூடிவிடும். கத்தாத இனங்களை இந்த வழி அடியோடு விட்டுவிடும். தீபகற்பத்தின் மிகப்பெரிய தவளையான லிம்னோனெக்டெஸ் பிளைத்தி ஓடைகளில் வாழ்கிறது. அதன் ஆணுக்குக் குரற்பையே கிடையாது. மக்கள் பிடித்து உண்பதால் கண்காணிப்பு அதிகம் தேவைப்படும் இனம் அது, ஒலிப்பதிவை மட்டும் நம்பினால் அதுவே பட்டியலில் இருக்காது. ஆமைக்கு இந்த வழி உதவாது.

இரவு வேலை பார்ப்பவர்கள், நடக்க இயலாத மூத்தவர்கள், தனியாக இயங்குபவர்கள் ஆகியோருக்குப் புள்ளிக் கேட்பு மிகவும் ஏற்றது. லயத்துப் பின்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே செய்யலாம். தானியங்கிக் கருவியை இரண்டாம் வருடத்துக்குத் தள்ளிவைப்பதே புத்திசாலித்தனம். முதல் வருட நடையில் கிடைத்த படங்களையும் குரல்களையும் பொருத்தி உங்கள் வட்டாரத்துக்கென ஒரு குரல் தொகுப்பு உருவான பிறகுதான் அந்தக் கருவி காசுக்கு ஈடாகும்.

## வழி 3: பொறி

இரண்டு வகை: தரையில் வாளிப் பொறி, தண்ணீரில் ஆமைப் பொறி.

வாளிப் பொறிக்கு 20 லிட்டர் வாளிகளை விளிம்பு மண்மட்டத்தில் இருக்கும்படி புதைத்து, நடுவே முழங்கால் உயரத்துக்கு பிளாஸ்டிக் தடுப்புச்சுவர் ஓட்ட வேண்டும். சுவரின் அடிப்பகுதி மண்ணுக்குள் இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் நுழைந்து போய்விடும். சுவரில் முட்டிய தவளை அதன் ஓரமாகவே போய் வாளியில் விழும். வாளியின் அடியில் துளைகள், உள்ளே ஈரமான பஞ்சு, ஒளிய இலை. காலை 8 மணிக்குள் ஒருமுறை, மாலை ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? எறும்பு வரும். வாளிக்குள் தப்ப வழியில்லாத தவளையைச் செவ்வெறும்புக் கூட்டம் உயிரோடு தின்றுவிடும். மூஞ்சுறு விழுந்தால் சில மணி நேரம் இரையில்லாமலே செத்துவிடும். வெயில் ஏறினால் உள்ளே வெந்துபோகும். மழை பெய்தால் வாளி நிரம்பும். வாய்க்கால் பக்கம் நிலத்தடி நீர் ஏறினால் துளையில்லாத வாளி மண்ணைப் பிளந்துகொண்டு மேலே மிதந்துவிடும், துளையுள்ள வாளி அடியிலிருந்தே நிரம்பும். வேலை இல்லாத நாளில் மூடியால் இறுக மூட வேண்டும். இத்தனைக்குப் பிறகும் விரல் நுனியில் வட்டு உள்ள மரத்தவளை வாளிச் சுவரில் ஏறிப் போய்விடும். ஆக வாளிப் பட்டியலில் தேரையும் குறுவாய்த் தவளையும் மிகுந்து தெரியும், மரத்தவளை இல்லாததுபோல் தோன்றும்.

பள்ளிப் பிள்ளைகளோடு இதைச் செய்யவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒரு விடுமுறை நாளில் யாரோ ஒருவர் வராமல் போனால் அந்த வாளிகளில் இருக்கும் உயிர்களுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. மட்டை அடுக்கு முறையை மாற்றினால் தரைவாழ் தவளை குறைகிறதா என்பதுபோல் கச்சிதமான கேள்வி உள்ள பல்கலைக்கழக ஆய்வுக்கு, அனுமதியும் முழுநேர ஆளும் இருந்தால், வாளிப் பொறிக்கு ஈடில்லை.

ஆமைப் பொறி நம் ஆட்களுக்குப் பழகிய புபுவின், அதாவது மீன் பிடிக்கும் கூண்டின் பெரிய உறவு. உள்ளே போகும் வாய் குறுகல், திரும்பி வரும் வழி இல்லை. ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சுக்கு மேலே வந்தே தீர வேண்டும். பொறியின் மேல் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி கழியில் கட்டி, உள்ளேயே மூடிய காலி பாட்டில்களை மிதவையாகச் சேர்த்துக் கட்டுங்கள். மேல்ஆற்றில் மழை பெய்து இரவோடு இரவாக நீர் ஏறினால் அந்த மிதவைதான் ஆமையின் உயிரைக் காக்கும். துளையிட்ட டின்னில் மீன் துண்டும் பழுத்த வாழைப்பழமும் இரை. ஆமைகளில் தழையும் பழமும் விரும்புபவை பல. 12 மணி நேரத்துக்கு மேல் பார்க்காமல் விடக்கூடாது. உடும்பும் மீனும் கூடவே மாட்டும். மென்ஓட்டு ஆமையான லபி-லபி மாட்டினால் ஓட்டின் பின்விளிம்பைப் பிடியுங்கள், அதன் கழுத்து நினைப்பதை விட வெகுதூரம் பின்னால் வரும், கடி பலமானது. எந்த ஆமையைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சால்மொனெல்லா இருக்கலாம்.

## வழி 4: உடல் மாதிரியும் டிஎன்ஏவும்

பெயர்ச் சிக்கலைத் தீர்ப்பதில் இதற்கு மேல் வழியில்லை. 1847இல் கேன்டர் என்ற இயற்கையியலாளர் பினாங்குக் கடற்பகுதியிலிருந்து ஓர் ஆமையை விவரித்து அஃபினிஸ் என்று பெயரிட்டார். பிற்காலத்தில் அதை இந்தியா, வங்காளதேசத்தின் பட்டாகுர் பாஸ்காவோடு ஒன்றாகவே கருதினார்கள். 2007இல் மரபணு ஒப்பீடு வந்த பிறகுதான் நம் ஆறுகளில் உள்ள துந்தோங் ஆமை தனி இனம், பட்டாகுர் அஃபினிஸ், என்பது உறுதியானது. தவளையிலும் இதே கதைதான். வீட்டுக் குளியலறைக்குள் வரும் நாலுகோட்டு மரத்தவளை பாலிபெடேட்டஸ் லியூகோமிஸ்டாக்ஸ் என்றே எல்லாரும் எழுதினார்கள். அதனோடு சேர்த்து எண்ணப்பட்ட ஒன்றை 2013இல் தென் தாய்லாந்திலிருந்து பாலிபெடேட்டஸ் டிஸ்கான்டஸ் என்று தனி இனமாகப் பிரித்தார்கள்.

முறை இதுதான்: தசைத் துண்டை முதலில் எடுத்து 95 விழுக்காடு எத்தனாலில் போட வேண்டும், அதற்குப் பிறகே உடலை 10 விழுக்காடு ஃபார்மலினில் பதப்படுத்தி, பின்னர் 70 விழுக்காடு எத்தனாலுக்கு மாற்ற வேண்டும். வரிசை மாறினால் ஃபார்மலின் டிஎன்ஏவைக் கெடுத்துவிடும், அந்த உயிரை எடுத்ததே வீணாகும். தவளைகளுக்கு 16எஸ் மரபணுப் பகுதியை வாசித்துப் பொதுத் தரவுத்தளத்தோடு ஒப்பிடுவது வழக்கம். ஆனால் அந்தத் தரவுத்தளத்தில் தவறான பெயரில் ஏற்றிய வரிசைகளும் உண்டு. முதலில் வரும் விடையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அந்த வரிசை எந்த ஊர் மாதிரியிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு. ஓர் உயிர். அதோடு பெர்ஹிலித்தான் அனுமதி, உயிரியல் வளங்களைப் பெறுவது தொடர்பான 2017ஆம் ஆண்டின் சட்டம் 795இன் கீழ் வரும் நடைமுறை, மாதிரியை நிரந்தரமாக வைக்க ஓர் அருங்காட்சியகம். இந்த மூன்றும் கையில் இல்லாத குழு, பெயர் புரியாத தவளையின் ஆறு கோணப் படத்தையும் குரலையும் பல்கலைக்கழக விலங்கியல் துறைக்கு அனுப்புவதே முறை. தேவை என்று பட்டால் அவர்களே அனுமதியோடு வருவார்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | இரவு நடை | ஒலிப்பதிவு | பொறி | மாதிரி, டிஎன்ஏ |
|---|---|---|---|---|
| எந்தக் கேள்விக்கு | என்னென்ன இருக்கின்றன | கூடுகிறதா குறைகிறதா | எண்ணிக்கை ஒப்பீடு, ஆமை | இந்தப் பெயர் சரியா |
| எதை விட்டுவிடும் | மண்ணுக்குள் இருப்பவை | பெண், குரலற்றவை, ஆமை | மரத்தவளை (வாளியில்) | தேடாத எதையும் |
| சான்று | படம் | ஒலிக்கோப்பு | படம், அளவு | உடல், மரபணு வரிசை |
| தீங்கு | மிகக் குறைவு | இல்லை | கவனம் தவறினால் மரணம் | உயிர் போகலாம் |
| அனுமதி | தோட்டம். பிடித்தால் பெர்ஹிலித்தான் | தோட்டம் | கட்டாயம் | கட்டாயம், பல இடங்களில் |
| மறைசெலவு | படம் பிரித்தல், கிருமிநீக்கம் | கேட்கும் நேரம் | தினம் இருமுறை ஆள் | அருங்காட்சியக இடம் |

## ஆமைக்குத் தனிக் கணக்கு

தவளைக்குச் சொன்னதை ஆமைக்கு அப்படியே போட முடியாது. ஆமை எண்ணிக்கையில் குறைவு, நீண்ட நாள் வாழும். வியாபாரத்துக்குப் பிடிப்பவர்களும் உண்டு. ஆகவே ஓர் ஆமை கிடைத்தாலும் அதை முழுமையாகப் பதிவு செய்வது முக்கியம்.

குளக்கரையில் பகலில் பைனாகுலரால் எண்ணினால் ஒரு பக்கச் சாய்வு வரும். மரக்கட்டையில் ஏறி வெயில் காய்வது பெரும்பாலும் சிவப்புக் காது ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை உள்ள அது, அமெரிக்காவிலிருந்து வளர்ப்பு விலங்காக வந்து, கோயில் குளங்களிலும் பூங்காக்களிலும் விடப்பட்டுப் பெருகியது. நம் கறுப்பு ஆமை, சீபன்ரோக்கியெல்லா, சேற்றோடு அடங்கிக் கிடக்கும். கரையிலிருந்து மட்டும் எண்ணினால் அந்நிய இனம் நிறைய, சொந்த இனம் இல்லை என்று தவறாக எழுத நேரும்.

"ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்ற பேச்சால், வீட்டுப் பக்கம் வந்த ஆமையை அடுத்த நிமிடமே யாரிடமாவது கொடுத்துவிடுகிறார்கள். அதற்குள் ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும். ரோட்டில் அடிபட்ட ஆமையின் ஓட்டிலும் இந்த அடையாளங்களில் பெரும்பாலானவை இருக்கும்.

முதுகின் நடுவரிசைத் தகடுகளை எண்ணுங்கள். பெரும்பாலான ஆமைகளுக்கு 5. ஆறு அல்லது ஏழு இருந்தால் நோட்டோகெலிஸ் பிளாட்டினோட்டா. அடி ஓட்டில் கீல் இருந்து முன்னும் பின்னும் முழுசாக மூடிக்கொண்டால், முகத்தில் மஞ்சள் கோடுகளும் இருந்தால், கூவோரா அம்போய்னென்சிஸ், அதாவது கூரா-கூரா காத்துப். ஓடு கறுப்பு, தலையில் வெளிர்ப் புள்ளி என்றால் கறுப்பு ஆமை. வயதான ஆணில் அந்தப் புள்ளி மங்கிவிடும். தகடே இல்லாமல் தோல் மூடியிருந்தால் மென்ஓட்டு வகை. முதுகு ஓட்டின் முன்விளிம்பில் சிறு முடிச்சுகள் வரிசையாக இருந்தால் அமைடா, அவை இல்லாமல் தலை உடலுக்குப் பெரிதாக இருந்தால் டோகானியா. ஆற்றில் பெரிய ஆமை என்றால் முன்கால் நகங்களை எண்ணுங்கள்: துந்தோங்குக்கு 4, அதன் உறவான பட்டாகுர் போர்னியோயென்சிஸுக்கு 5.

நீளத்தை எப்படி அளந்தீர்கள் என்று எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. காலிப்பரில் எடுக்கும் நேர்நீளமும் தையல் டேப்பில் எடுக்கும் வளைவு நீளமும் ஒன்றாக வராது, வளைவு எப்போதும் கூடுதல். அடி ஓட்டின் கறைகள் தனிப்பட்ட ஆமையை மறுபடி அடையாளம் காண உதவும், அதனால் அடி ஓட்டுப் படம் கட்டாயம். ஓட்டு விளிம்பில் வெட்டுக்குறி போடுவது அனுமதி பெற்ற ஆய்வாளர்களின் வேலை. நாம் அதில் கை வைக்கக்கூடாது.

பேராக் ஆற்றின் துந்தோங்கைப் பற்றித் தகவல் கிடைத்தால் போத்தா கானானில் உள்ள பெர்ஹிலித்தான் பாதுகாப்பு மையத்துக்குச் சொல்லுங்கள், அந்த இனத்தை வளர்த்து ஆற்றில் விடும் வேலை அங்கே நடக்கிறது. எந்த ஆமையின் சரியான இடத்தையும் முகநூலில் போடாதீர்கள். படத்தின் உள்ளே பதிந்திருக்கும் ஜிபிஎஸ் தகவலையும் நீக்கிவிடுங்கள். உயிரினப் பதிவுகளுக்கான இணையத்தளமான ஐநேச்சுரலிஸ்ட்டில் அழியும் நிலையிலுள்ள இனங்களின் இடம் தானாகவே மங்கலாக்கப்படும், ஆனால் நீங்கள் குறிப்பில் "இன்ன டிவிஷன் குளம்" என்று எழுதினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

## யாருக்கு எது

தமிழ்ப்பள்ளிக் கழகம்: இரவு நடை மட்டும், பள்ளித் திடலும் லயத்து வாய்க்காலும், 7:30 முதல் 9 மணி வரை, நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். பிள்ளைகள் பிடிக்க வேண்டாம், படமும் எண்ணிக்கையும் போதும்.

வேலைக்குப் போகும் இளைஞர் மன்றம்: மாதம் ஓர் இரவு நடை, அதோடு எட்டு புள்ளிகளில் கேட்பு.

கோயில் குளத்துக் குழு: பகல் எண்ணிக்கையும் அடி ஓட்டுப் படங்களும். சிவப்புக் காது ஆமைகளைப் பிடித்து ஆற்றில் விடுவது புண்ணியமாகத் தோன்றலாம், ஆற்றின் சொந்த ஆமைகளுக்கு அது கேடு. துறையிடம் ஒப்படைக்க வழி கேளுங்கள்.

காட்டோர ஓடையில் வேலை செய்யும் குழு: நடையும் ஒலியும் இரண்டும் வேண்டும், ஒன்றை விட்டால் பட்டியலில் பெரிய ஓட்டை விழும்.

எந்த வழியானாலும் பதிவேட்டில் ஆறு பத்தி: தேதி-நேரம், இடம், மழை-வெப்பநிலை, ஆள்-மணி, பெயர், எந்தச் சான்று. பெயர்ப் பத்தியில் எந்தப் பெயர்ப்பட்டியலை எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்றும் சேர்த்து எழுதுங்கள். வாசல் தேரை 2006 வரை பூஃபோ மெலனோஸ்டிக்டஸ் என்றே இருந்தது, அதன் பிறகுதான் டுட்டாபிரைனஸ் ஆனது. பழைய பதிவையும் புதிய பதிவையும் இணைக்க அந்தக் குறிப்பு வேண்டும். அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலில் ஒவ்வொரு தவளை, தேரை இனத்தின் பழைய பெயர்களும் உள்ளன. உறுதியில்லாத இடத்தில் "மைக்ரோஹைலா, இனம் தெரியவில்லை" என்று எழுதிப் படத்தின் எண்ணைப் பக்கத்தில் போடுங்கள். பிறகு வருபவர் அந்த வரியைத் திருத்த முடியும், ஊகித்து எழுதிய பெயரை அவரால் பிரித்தறிய முடியாது. பதிவேட்டின் ஒரு பிரதி பள்ளி நூலகத்திலும், ஒன்று தோட்ட ஆபீசிலும், ஒன்று படங்களோடு ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்கட்டும்.